தாய் வீடு இல்லாதவர்களுக்கு ஒரு தாய் வீடு

புனேக்குப் போகிற நம்மவர்கள் பார்த்துவிட்டு வருகிற இடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். சனிவார் வாடா, பார்வதி மலை, கஸ்தூரிபா கண்மூடிய ஆகாகான் மாளிகை, தகடூசேட் கணபதி. கையில் கொஞ்சம் காசு இருந்தால் லட்சுமி ரோட்டில் இரண்டு புடைவை. நானும் அப்படித்தான் திரும்பியிருப்பேன். தங்கை பெண்ணின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக நான் கட்கிக்குப் போயிருந்த சமயம், பக்கத்து வீட்டு மராட்டிய அம்மாள்தான் என்னை வேறு ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். முப்பது வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கை பெண் அவரை 'காக்கூ' என்று கூப்பிடுவாள். மராட்டியில் சித்தி மாதிரி. அவர் என்னைக் கூப்பிடுவது 'தாயி' என்று. அங்கே தாயி என்றால் அக்கா. நம் காதில் அது அம்மா என்றுதான் விழும், கேட்க நன்றாயிருந்தது.

"கணபதியைப் பார்த்தாச்சு இல்லையா தாயி? நாளைக்கு சாவித்ரிமாயி வீட்டைப் பார்த்துட்டு வரலாம். பிரசவத்துக்கு உதவின்னு வந்திருக்கீங்க. அந்த வீட்டைப் பார்க்காமப் போனா எப்படி?" என்றார், எனக்குப் புரியும்படி நிதானமான ஹிந்தியில்.

மெட்ரோ ரயிலில் மண்டை ஸ்டேஷனில் இறங்கினோம். மண்டை என்றால் காய்கறிச் சந்தை. 1886ல் ரே மார்க்கெட் என்ற பெயரில் திறந்த கல் கட்டடம், நடுவில் கோபுரம். இப்போது அதற்கு மகாத்மா பூலே மண்டை என்று பெயர். பச்சைப் பட்டாணியும் வெந்தயக் கீரையும் குவிந்து கிடந்ததைப் பார்த்து என் கால் நகரவில்லை. "திரும்பி வரும்போது வாங்கிக்கலாம்" என்று காக்கூதான் இழுத்துக்கொண்டு போனார். அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம். கஞ்ச் பேட்டை என்று பழைய பெயர். அந்தப் பேட்டைக்கும் இப்போது பூலேயின் பெயர்தான். நெருக்கமான தெருக்கள், சின்னச் சின்ன பட்டறைகள், ஸ்கூட்டர்கள். அதன் நடுவே ஓர் ஓட்டு வீடு. ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும் குடித்தனம் நடத்திய வீடு. அரசு அதை நினைவிடமாக வைத்துக் காப்பாற்றுகிறது.

பெரிய மாளிகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நம் ஊர்ப்பக்கத்துப் பழைய வீடு மாதிரிதான். மரத் தூண்கள், சிறிய அறைகள், ஒரு கிணறு, பூலேயின் அஸ்தியை வைத்த துளசி மாடம். சுவர்களில் அவர்கள் வாழ்க்கையைச் சொல்லும் படங்கள். சாவித்திரிபாயைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள்: 1831ல் பிறந்தவர், ஒன்பது வயதில் கல்யாணம், கணவரிடமே எழுத்துப் படித்து, 1848ல் புனேயில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கி ஆசிரியை ஆனவர். அந்தப் பள்ளி நடந்த பிடே வாடா தகடூசேட் கணபதி கோயிலுக்கு எதிரிலேயே இருந்தது. இடிந்து போன நிலையில் இருந்த அதை 2023ல் அகற்றிவிட்டார்கள், நினைவுக் கட்டடம் எழுப்ப. பள்ளிக்கூடக் கதை எனக்கும் தெரியும். இந்த வீட்டில் நடந்த இன்னொரு காரியம் மட்டும் அன்றுவரை தெரியாது.

1863ல் அந்தத் தம்பதி இந்த வளாகத்தில் ஒரு பிரசவ விடுதி நடத்த ஆரம்பித்தார்கள். பெயரே 'பாலஹத்யா பிரதிபந்தக் கிருஹம்', சிசுக்கொலையைத் தடுக்கும் வீடு. யாருக்காக என்றால், கர்ப்பமாகிவிட்ட விதவைகளுக்காக. இன்றைக்கு நமக்கு விதவை என்றால் வயதானவர் முகம்தான் நினைவுக்கு வரும். அந்தக் காலத்தில், அதுவும் பிராமணக் குடும்பங்களில், எட்டு வயதில் தாலி கட்டி பன்னிரண்டில் அறுத்த குழந்தைகள். தலையை மழித்து சமையலறையில் ஒடுக்கிவிடுவார்கள். அதே வீட்டில் உள்ள ஆணோ, பக்கத்து வீட்டுப் பெரிய மனிதரோ கையை வைத்தால் கேட்பதற்கு ஆள் கிடையாது. வயிறு தெரிந்ததும் பழி மட்டும் அவள் தலையில். 1856லேயே விதவை மறுமணச் சட்டம் வந்துவிட்டதே என்று கேட்கலாம். சட்டம் வந்தால் ஊர் வந்துவிடுமா?

பூலே 1884ல் எழுதிவைத்த ஒரு குறிப்பில் இந்த வீடு எப்படித் தொடங்கியது என்று அவரே சொல்கிறார். அவருடைய நண்பர் சதாசிவ பல்லால் கோவண்டே என்பவர் வீட்டில் காசிபாய் என்று ஓர் ஏழை பிராமண விதவை சமையல் வேலை செய்துவந்தாள். நல்ல பெண். அக்கம்பக்கத்துச் சாஸ்திரி ஒருவர் அவளைக் கெடுத்தார். கலைப்பதற்கு என்னென்னவோ மருந்து சாப்பிட்டுப் பார்த்தாள், பலிக்கவில்லை. குழந்தை பிறந்தது. பயத்தில் அதைக் கொன்று அந்த வீட்டுக் கிணற்றிலேயே போட்டுவிட்டாள். போலீஸ் பிடித்தது. ஆயுள் பரியந்தம் நாடு கடத்தும் தண்டனை. சாஸ்திரிக்கு ஒரு தண்டனையும் இல்லை.

இதைக் காக்கூ சொல்லிக்கொண்டு வந்தபோது நான் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தேன். சட்டென்று கையை எடுத்துவிட்டேன். "அந்தக் கிணறு கோவண்டே வீட்டுக் கிணறு, தாயி. இது வேற" என்றார் அவர். இந்தக் கிணறு, தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்காகப் பூலே 1868ல் திறந்துவிட்ட தண்ணீர்.

அந்தக் காசிபாயின் கதைக்குப் பிறகுதான் விடுதி. ஊரில் அங்கங்கே அறிவிப்பு ஒட்டினார்களாம். விதவைகள் இங்கே வந்து ரகசியமாகவும் பத்திரமாகவும் பிரசவித்துக்கொள்ளலாம். குழந்தையை எடுத்துப் போவதும் இங்கேயே விட்டுப் போவதும் அவரவர் இஷ்டம். விட்டுப் போனால் விடுதி வளர்க்கும் என்பது அதன் சாரம். வந்தவளிடம் ஊர் பேர் கேட்டுக் குடைவது கிடையாது. பிரசவம் பார்ப்பது, பத்தியம் போடுவது, குழந்தையைக் குளிப்பாட்டுவது எல்லாம் சாவித்திரிபாய் பொறுப்பு. தமக்கென்று குழந்தை இல்லாதவர் அவர். நம் வீடுகளில் தலைப்பிரசவம் என்றால் தாய் வீடுதானே? வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சாதம் கட்டி, அழைத்துப் போய் மூன்று மாதம் படுக்கவைத்து, பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமுமாகத் தேற்றி அனுப்புகிறோம். கட்கியில் நானும் தங்கையும் அதற்குத்தான் இஞ்சி காயவைத்துக்கொண்டிருந்தோம். எந்தப் பெண்ணுக்குத் தாய் வீட்டுக் கதவே முதலில் சாத்தப்படுகிறதோ, அவளுக்கு இந்தக் கஞ்ச் பேட்டை வீடு தாய் வீடாக இருந்திருக்கிறது.

எண்ணிக்கையையும் பூலே மறைக்கவில்லை. தொடக்கத்திலிருந்து 1884 வரை வந்து பிரசவித்தவர்கள் 35 பேர். பிறந்ததில் உயிரோடு இருந்தவை 5 குழந்தைகள்தான். மற்ற 30ம் போய்விட்டன. கர்ப்பத்தை மறைக்க அந்தத் தாய்மார்கள் முன்பே சாப்பிட்டிருந்த விஷ மருந்துகளால் வயிற்றிலேயே ஏற்பட்ட கேடுதான் காரணம் என்கிறார். 35க்கு 5 என்றால் தோல்வி என்று யாராவது சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 35 பேரும் கிணற்றையோ ஆற்றையோ தேடாமல் ஒரு கட்டிலில் படுத்துப் பெற்றார்களே.

காக்கூ இந்த இடத்தில் நர்ஸாகவே மாறிவிட்டார். "இப்பவும் அதேதான் தாயி. அன்னைக்கு வேரும் குச்சியும். இன்னைக்கு மருந்துக்கடை மாத்திரை. எத்தனை மாசம்னு தெரியாம, எங்கே தங்கியிருக்குன்னு தெரியாம வாங்கிப் போட்டுட்டு, ரத்தம் கொட்டக் கொட்ட ராத்திரி இரண்டு மணிக்கு வருவாங்க. கூட வந்தவங்க வாசல்லயே நின்னுடுவாங்க." அவர் வார்டில் பார்த்த பெண்களில் பாதிப் பேர் ஏழு எட்டு மாதம்வரை ஒரு தடவைகூட டாக்டரிடம் காட்டாதவர்களாம். இரும்புச்சத்து மாத்திரை கிடையாது, ரண ஜன்னி ஊசி கிடையாது, ரத்த அழுத்தம் பார்த்தது கிடையாது. வயிறு தெரியாமலிருக்க இறுக்கிக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு. முகத்தில் வெளுப்பு, காலில் வீக்கம். திடீரென்று வலிப்பு வரும். "பிரசவம் ஆனதும் கண்ணை மூடிக்கிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாங்க. பாலு கட்டி ஜுரம் வந்தாக்கூட சொல்ல மாட்டாங்க. அப்பத்தான் ஜாக்கிரதையாப் பார்த்துக்கணும். உடம்பு தேறிடும், மனசு விழுந்தா உசிருக்கே ஆபத்து" என்றார். வாசகிகள் இதைக் கவனிக்க வேண்டும். பெற்ற பிறகு தூக்கமில்லாமல், சாப்பிடப் பிடிக்காமல், குழந்தையைப் பார்க்கவே பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது திமிரும் இல்லை, பேயும் இல்லை. வைத்தியம் உண்டு. கல்யாணமாகி எல்லாச் சீரோடும் பெற்றவளுக்கும் இது வரும்.

உயிரோடு வளர்ந்த குழந்தை ஒன்றின் கதையையும் சொல்லவேண்டும். 1870களின் தொடக்கத்தில் இன்னொரு காசிபாய், அவளும் பிராமண விதவை, இங்கே அடைக்கலம் வந்தாள். முட்டா நதியில் விழப்போனவளைப் பூலே பார்த்து அழைத்து வந்தார் என்று சொல்வார்கள். அவள் பெற்ற பிள்ளையை 1874ல் பூலே தம்பதி தங்கள் சொந்தப் பிள்ளையாகத் தத்து எடுத்துக்கொண்டார்கள். பெயர் யஷ்வந்த். ஊர் என்ன பேசியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். 1890 நவம்பர் 28ம் தேதி பூலே காலமானபோது, இந்தத் தத்துப் பிள்ளை முன்னால் நடப்பதை உறவினர்கள் தகராறு செய்தார்கள். கொள்ளிச் சட்டியைச் சாவித்திரிபாய் தம் கையில் வாங்கிக்கொண்டு ஊர்வலத்தின் முன்னே நடந்தார். சிதைக்குத் தீ வைத்ததும் அவர்தான். இன்றைக்கும் எத்தனை ஊரில் பெண்ணைச் சுடுகாட்டுக்கே விடுகிறார்கள்?

யஷ்வந்த் படித்து டாக்டரானார். 1897ல் புனேயில் பிளேக் வந்தது. தாயும் பிள்ளையுமாக ஊருக்கு வெளியே ஹடப்சர் பக்கம் நோயாளிகளைப் பார்த்தார்கள். பிளேக் கண்ட ஒரு சிறுவனைச் சாவித்திரிபாய் தம் முதுகில் தூக்கி வந்தார். அந்த நோய் அவரையும் பிடித்தது. மார்ச் 10ம் தேதி போய்விட்டார். 66 வயது.

வெளியே வந்து டீ குடித்தபோது, "இப்போ அந்த மாதிரிப் பெண் ஒருத்தி வந்தா எங்கே அனுப்புவீங்க?" என்று காக்கூவைக் கேட்டேன். அவர் சொன்னதையும், ஊர் வந்து நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். யாருக்கு எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது. வேலைக்கு வருகிற பெண்ணாக இருக்கலாம், எதிர்வீட்டு மருமகளாக இருக்கலாம், நம் வீட்டுப் பெண்ணாகவே இருக்கலாம்.

181 என்ற எண்ணைச் சுற்றினால் பெண்களுக்கான உதவி கிடைக்கும். காசு இல்லை, ராத்திரி பகல் கிடையாது. 2015லிருந்து மாவட்டங்களில் 'சகி' என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் நடக்கின்றன. அடித்துத் துரத்தப்பட்டவளோ, ஏமாற்றப்பட்டவளோ போனால் அங்கேயே சில நாள் தங்கலாம்; டாக்டர், வக்கீல், போலீஸ் எல்லாம் அவர்கள் மூலமே. அதற்கு மேல் தங்க வேண்டுமானால் அரசு உதவியோடு நடக்கும் இல்லங்கள் உண்டு. ஸ்வாதார் கிருஹம் என்று முன்பு சொன்னார்கள். 2022லிருந்து சக்தி சதன் என்று பெயர். பதினெட்டு வயது நிரம்பாத பெண் என்றால் 1098. அந்த வயதில் கர்ப்பம் என்பதே சட்டப்படி குற்றம் நடந்ததற்கு அடையாளம். குற்றவாளி அவள் இல்லை, அவளை அப்படி ஆக்கியவன். இதை அவளிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்றார் காக்கூ. பாதி பேர் தங்களைத்தான் ஜெயிலில் போடுவார்கள் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கே வருவதில்லையாம்.

குழந்தையை வளர்க்க முடியாத தாய் என்ன செய்வது? குப்பைத்தொட்டியும் புதரும் செய்தித்தாளில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நம் தமிழ்நாட்டில் 1992லேயே சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது நினைவிருக்கும். இப்போதுள்ள 2015ம் வருஷச் சட்டப்படி, மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் குழந்தையை முறையாக ஒப்படைக்கலாம். மிரட்ட மாட்டார்கள். மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. தானே வளர்ப்பேன் என்கிறவளுக்கும் வழி இருக்கிறது: கல்யாணமாகாத தாய் பிறப்புச் சான்றிதழ் கேட்டால், தகப்பன் பெயரைச் சொல்லும்படி வற்புறுத்தாமல் கொடுக்க வேண்டும் என்று 2015ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எடுத்துப் போவதும் விட்டுப் போவதும் அவள் இஷ்டம் என்று 1863ல் ஒட்டிய அறிவிப்பை எழுதியவர்கள் இதைக் கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆனால் பக்கத்து வீட்டு வாய்க்கு இன்னும் சட்டம் வரவில்லை.

அடுத்த வாரம், காக்கூவுக்கு ஒழிந்த ஒருநாள், கேட்காவுக்கும் போய்வந்தோம். கேட்காவ் என்பது புனேயிலிருந்து தவுண்ட் போகிற பாதையில் சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள சிறிய ஸ்டேஷன். நம் சென்னை-மும்பை ரயில்கள் அதைத் தாண்டித்தான் போகின்றன. எத்தனையோ தடவை கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே அதைப் பார்க்காமலே கடந்திருப்போம். அங்கே பண்டித ராமாபாய் அமைத்த முக்தி மிஷன் இருக்கிறது.

ராமாபாயின் கதையே தனிக் கதை. 1858ல் பிறந்தவர். தகப்பனார் அனந்த சாஸ்திரி மனைவிக்கும் மகள்களுக்கும் ஸம்ஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தார் என்பதற்காக ஊரார் பகையைச் சம்பாதித்தவர். குடும்பம் ஊர் ஊராகப் புராணம் படித்துப் பிழைத்தது. 1870களில் நம் சென்னை ராஜதானியில் அடித்த பஞ்சத்தில் தகப்பன், தாய், அக்கா மூவரும் போனார்கள். அண்ணனோடு கால்நடையாகவே அலைந்து கல்கத்தா சேர்ந்த பெண்ணுக்கு, அவர் வித்வத்தைப் பார்த்து 'பண்டிதை', 'சரஸ்வதி' என்று பட்டம் கொடுத்தார்கள். 1880ல் வேறு ஜாதிக்காரரான வங்காள வக்கீலை மணந்தார். 1881ல் ஒரு பெண் குழந்தை. 1882ல் கணவர் காலமானார். 23 வயதில் கைக்குழந்தையோடு நின்றவர் அவரே. அதனால்தானோ என்னவோ, 1889ல் பம்பாயில் இளம் விதவைகளுக்காகத் தொடங்கிய சாரதா சதனை அப்படி நடத்தினார். அடுத்த வருஷம் அது புனேக்கு வந்தது. இடையில் அவர் கிறிஸ்தவராகியிருந்தார். பெண்களையும் மதம் மாற்றுகிறார் என்று எழுந்த கூச்சலில் 1893ல் ரானடே, பண்டார்க்கர் போன்ற ஆலோசகர்களே விலகினார்கள், பலர் தங்கள் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். இதில் யார் பக்கம் நியாயம் என்று அந்த ஊரில் இன்றும் இரண்டாகப் பேசுகிறார்கள். நான் பார்க்கிறது இது: 1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணத்துத் தெருக்களில் கிடந்த பெண்களை வண்டி வைத்து அழைத்து வந்து சோறு போட்டவர் அவர். தெருவிலும் முகாமிலும் கெடுக்கப்பட்டவர்கள், வயிற்றுப் பிள்ளையோடு வந்தவர்கள் இவர்களுக்கென்று 1899ல் 'கிருபா சதன்' என்று தனி இல்லம் வைத்தார்.

அங்கே பெண்களே அச்சுக் கோத்தார்கள், நெசவு நெய்தார்கள், எண்ணெய் ஆட்டினார்கள். கைத்தொழில் இல்லாமல் வெளியே அனுப்பினால் மறுபடி அதே குழியில்தான் விழுவார்கள் என்று ராமாபாய்க்குத் தெரிந்திருக்கிறது. 1922ல் அவர் காலமான பிறகும் இல்லம் நிற்கவில்லை. இன்றும் குழந்தைகளும் பெண்களும் அங்கே இருக்கிறார்கள். நாங்கள் போனபோது மாலை நேரம். நரைத்த கிழவி ஒருத்தி, நாலு வயதுச் சிறுமிக்கு மரத்தடியில் தலை பின்னிக்கொண்டிருந்தாள். உறவா என்று கேட்க வாயெடுத்தேன். காக்கூ என் முழங்கையைக் கிள்ளினார். இந்த மாதிரி வீடுகளில் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாதாம்.

பண்டரிபுரம் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விட்டலனைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, வயிறு தெரிந்த விதவைகளை உறவினர்கள் அங்கே கொண்டுவந்து விட்டுப் போவது அந்நாளில் வழக்கம். 1875ல் பிரார்த்தனை சமாஜத்தைச் சேர்ந்த லால்சங்கர் உமியாசங்கர் என்பவர் அங்கேயும் சிசுக்கொலைத் தடுப்பு இல்லம் அமைத்தார். பெயர் மாறி, குழந்தைகள் ஆசிரமமாக வளர்ந்தது அது.

போக நினைப்பவர்களுக்கு: பூலே வாடாவுக்குக் காலையில் போங்கள், கூட்டம் இராது. ஜனவரி 3 சாவித்திரிபாய் பிறந்த நாள்; அன்று பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நின்று பார்க்க முடியாது. கேட்காவுக்குப் புனே-தவுண்ட் பாசஞ்சரில் போகலாம். முன்கூட்டியே எழுதியோ பேசியோ அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். குடித்தனம் நடக்கிற வீடு அது. குழந்தைகளைப் போட்டோ எடுக்காதீர்கள். பழைய துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகாமல், என்ன தேவை என்று கேட்டு வாங்கிப் போவது உத்தமம். பண்டரிபுரத்துக்குக் குர்துவாடி ஜங்ஷனில் மாற வேண்டும்.

மண்டையில் பட்டாணி வாங்கினேன். கட்கிக்குத் திரும்பி உரிக்க உட்கார்ந்தபோது, தங்கை பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எங்கே போயிட்டு வந்தீங்க பெரியம்மா?" என்று கேட்டாள். சொன்னேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று.